கரை எப்போ?

பாக்கியநாதன் ஐயாவிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. நான் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் அவர் மனைவி சொன்னதாக ஒரு வரி இருந்தாலும் போதும், அதை அடித்துவிடுவார். பேனாவை அழுத்தி, கீழே என்ன எழுதியிருந்தது என்றே தெரியாதபடி அடிப்பார்.

"ஐயா, நாட்டுக்குள்ள இருந்து வர்ற ஒரே குரல் அம்மாவோடதுதான். 'ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க'ன்னு போன ஞாயித்துக்கிழமை சொன்னாங்களே, அதைப் போட்டா எட்டு நாட்டுப் பத்திரிகைக்காரனும் போடுவான்" என்பேன்.

"அது வீட்டுப் பேச்சு, தமயந்தி. வெளிய வேண்டாம்."

நான் பத்திரிகைச் செயலாளர். கிடைத்த நல்ல வரியைத் தூக்கிக் குப்பையில் போடுவது எனக்குப் பெற்ற பிள்ளையைக் கிள்ளுவது போல. ஆனாலும் அவர் எங்கள் நாட்டில் கடைசியாக நடந்த தேர்தலில் வென்ற பிரதமர். நான் தலைநகர் வெள்ளைத்துறையில் ஒரு சுங்க அலுவலகக் குமாஸ்தாவின் மகள். வாயை மூடிக்கொள்வேன்.

சங்குத் தீவுகளை வரைபடத்தில் தேடிச் சிரமப்பட வேண்டாம். வங்கக் கடலில் கொஞ்சம் மண், நிறையத் தென்னை, அதைவிட நிறையப் பிடிவாதம். ஒன்பது வருடங்களுக்கு முன் ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. பிடிபடாமல் தப்பியவர்கள் படகேறி வந்து, கடைசியில் பினாங்கில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் ஒதுங்கினோம். வாசலில் 'சங்குத் தீவுகளின் சட்டபூர்வ அரசாங்கம்' என்று பலகை மாட்டினோம். அரசாங்கம் என்றால் நாங்கள் ஆறு பேர், மூன்று மேசை, எந்நேரமும் சொட்டும் ஒரு குழாய்.

அங்கிருந்து வங்கக் கடல் நாடுகள் மன்றத்தின் உறுப்பு நாடுகள் எட்டுக்கும் படையெடுத்துக்கொண்டிருந்தோம். எந்த நாட்டு அமைச்சக வரவேற்பறையில் என்ன பிஸ்கட் தருவார்கள் என்று எனக்கு மனப்பாடம். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். அனுதாபம் பிஸ்கட்டைப் போலத்தான், பசிக்கு ஆகாது. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மன்றத்தின் பார்வையாளர்களை ஏற்றிய ஓர் அமைதிக் கப்பல் எங்கள் தீவுகளுக்குப் போக வேண்டும், துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட வேண்டும், தேர்தல் நடக்க வேண்டும். அந்தக் கப்பலில் நாங்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.

வாரம் ஒருமுறை மட்டும் வீடு எங்களிடம் வந்தது. தொலைபேசி, இணையம் எல்லாவற்றையும் ராணுவக் குழு அறுத்துவிட்ட பிறகு, மீன்பிடிப் படகுகளின் கருவிகள் வழியாகப் பேச்சு படகிலிருந்து படகுக்குத் தாவி வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஐயா திரும்பும்போது நான் கருவியைத் தயாராக வைத்திருப்பேன். முன்பு அதை இயக்கியவர் கனடாவுக்குப் போய்விட்டதால், இரண்டு வருடமாக அது என் வேலை. இரைச்சலுக்கு நடுவே லூர்தம்மாளின் குரல் கேட்கும். முகம் தெரியாது.

"சாப்பிட்டாச்சா, சகாயி அப்பா?"

"ஆச்சு. நீ?"

"சூடை மீன் கெடச்சுது. புளி ஊத்தி வெச்சிருக்கேன். உங்களுக்குத்தான் ஆகாதே, நெஞ்சு எரியும்பீங்க."

"இப்ப எல்லாம் எரியல."

"சும்மா சொல்லாதீங்க."

"சகாயி எங்க?"

"படகு வேலையா போயிருக்கா."

சகாயி அவர்களின் ஒரே மகள். படகுகளின் கருவிகளைப் பழுது பார்ப்பவள். நான் காது கொடுத்த எந்த ஞாயிறிலும் அவள் வீட்டில் இருந்ததில்லை. எனக்கு இன்னொன்றும் உறுத்தும். ஊர்க்கதை, மழை, மீன், முட்டிவலி எல்லாம் பேசுவார் அந்த அம்மாள். 'எப்போது வருவீர்கள்' என்று மட்டும் கேட்கவே மாட்டார். என் அம்மாவாக இருந்தால் 'ஹலோ'வுக்கு முன்னால் அதைத்தான் கேட்பாள். பிரதமர் மனைவி, அழுத்தமான பெண்பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். பேச்சு முடிந்ததும் ஐயா சன்னலருகே போய் நிற்பார். கீழே மல்லிகை கட்டும் பெண்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். பிறகு திரும்பி, "சரி, அடுத்து எந்த நாடு?" என்பார்.

அந்த ஆண்டு மன்றக் கூட்டம் பினாங்கிலேயே கூடியது. கப்பல் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. நான்கு நாடுகள் எங்கள் பக்கம். மற்றவை மதில்மேல் பூனை. அந்த நேரம் பார்த்துத்தான் ராணுவக் குழுவின் தூதர் செல்லப்பெருமாள் எழுந்தார். என் ஊர்க்காரர். எங்கள் தெருவில் அவருடைய அத்தை வீடு இருந்தது. நன்றாகச் சீவிய தலை, அதைவிட நன்றாகச் சீவிய பேச்சு.

"தீவுகள்ல அமைதிதான் இருக்கு. கப்பலுக்கு அவசியமே இல்லை. வெளிய இருக்கிறவங்க எல்லாருக்கும் பொதுமன்னிப்பு தர்றோம், கட்சியைக் கலைச்சிட்டு வீட்டுக்கு வரட்டும். எங்க பேச்சை நம்ப வேண்டாம். பாக்கியநாதன் அவர்களோட மனைவி பேச்சை நம்புவீங்கல்ல? அவங்களை நேரலையில இந்த அவைக்கு முன்னால கொண்டு வர்றோம். நாட்டு நிலைமையை அவங்களே சொல்லட்டும்."

அவையில் ஒரு முணுமுணுப்பு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மாள் எவ்வளவு துணிச்சல்காரி என்று எங்களுக்குத்தான் தெரியுமே. வாயைத் திறந்தால் போட்டு உடைத்துவிடுவார், செல்லப்பெருமாள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று நாங்கள் குதித்தோம். ஐயா மட்டும் குதிக்கவில்லை.

அன்று மாலை மன்றத்தின் தொழில்நுட்ப அலுவலர் புவனேஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஈப்போக்காரப் பெண், பேச்சில் மலேசிய 'லா' ஒட்டிக்கொள்ளும். விதிகளை விளக்க வேண்டியது அவள் பொறுப்பு.

"அக்கா, மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். திரையில வர்றவங்க நெஜமா, மறுகுரலான்னு எங்க கருவிங்க சொல்லாது."

மறுகுரல் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய பழைய பேச்சைப் போதிய அளவு ஊட்டிவிட்டால், இயந்திரம் அவராகவே பேசும்; படங்களையும் ஊட்டினால் முகமும் வரும். கேட்ட கேள்விக்கு அவரைப் போலவே பதில் சொல்லும், இருமும், சலித்துக்கொள்ளும். வங்கிகள் குரலை நம்புவதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

"கண்டுபிடிக்கிற கருவி இருந்துச்சே?" என்றேன்.

"இருந்துச்சு. கருவி ஒன்னு கண்டுபிடிச்சா, மறுகுரல் அதையும் கத்துக்குது. இப்ப போன் ரிப்பேர் பண்ற பொண்ணு ஒருத்தி நெனச்சாக்கூட வீட்லயே செஞ்சிடலாம் லா. அதனால மன்றத்துல ஒரே ஒரு விதிதான். நெருங்கின சொந்தக்காரங்க பேசிப் பாத்துட்டு 'இவங்கதான்' இல்ல 'இவங்க இல்ல'ன்னு சொல்லணும். அவங்க சொல்றதே முடிவு."

"அப்ப ஐயா சொல்றதுதான் அளவுகோல்."

"ஆமா. ஐயா 'இவங்கதான்'னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவங்க பேசுறது எல்லாம் சாட்சியம். மாத்தவே முடியாது." புவனேஸ் ஐயாவைப் பார்த்தாள். "ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க விருப்பம், ஐயா."

அவள் போன பிறகு ஐயா மெல்லச் சொன்னார்: "வேண்டாம், தமயந்தி."

"வேண்டாம்னா? சொந்தப் பெண்சாதியையே பாக்கப் பயப்படறாருன்னு நாளைக்குத் தலைப்பு வரும். மதில் மேல நிக்கிற நாலு பூனையும் அந்தப் பக்கம் குதிச்சிடும். கப்பல் போச்சு."

"தெரியும்."

"பிறகென்ன, பயமா ஐயா?"

"ஆமா" என்றார். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்பது வருடமாக எட்டு நாட்டு வாசற்படி ஏறியவர், மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தால் என்ன செய்வது? மற்ற நால்வரும் என் பக்கம் நின்றார்கள். கடைசியில் அவர் தலையசைத்தார். வெளுத்த சட்டை ஒன்று கேட்டு, மறுநாளைக்கு என்று தானே தேய்த்து வைத்துக்கொண்டார்.

அவையில் திரை பெரியது. விளக்கைக் குறைத்தார்கள். லூர்தம்மாள் தெரிந்தார்.

நீலச் சேலை. பின்னால் பள்ளிக்கூடச் சுவர். அவர் தலைமையாசிரியையாக இருந்த அதே பள்ளி. தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. நான் பார்த்த பழைய படங்களில் முடி கருகருவென்று இருக்கும். ஐயா முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நரைமுடியிலிருந்து அவர் கண் விலகவே இல்லை. ஒன்பது வருடப் பிரிவை ஒரே பார்வையில் எண்ணி முடித்துவிட நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"லூர்து" என்றார். "சாப்பிட்டியா?"

எட்டு நாட்டு மொழிபெயர்ப்பாளர்களும் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தார்கள்.

"ஆச்சு. இளைச்சுப் போயிட்டீங்க."

"சாப்பாடு பிடிக்கல. பள்ளிக்கூடம்?"

"நடக்குது. பிள்ளைங்க எல்லாம் வருதுங்க. ஊரு அமைதியா இருக்கு, சகாயி அப்பா. சண்டை எல்லாம் ஓஞ்சு போச்சு. யாரும் யாரையும் ஒன்னும் செய்யல. நீங்க அங்க இருந்துகிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?"

 ஞாயிற்றுக்கிழமைக் குரலேதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இல்லை. மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்களா? இல்லை, இது அவரே இல்லையா? நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மெதுவாகப் பழைய கதைகளைக் கேட்டார். மகளுக்கு அம்மை போட்ட வருடம், கிணற்றில் விழுந்த கடிகாரம். ஒன்றுக்கும் பதில் பிசகவில்லை. கடிகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது திரையிலிருந்தவர் சிரித்தார். ஐயாவும் சிரித்துவிட்டார்.

பிறகு லூர்தம்மாள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எந்தக் கல்லும் கரைகிற குரலில் கேட்டார்: "சகாயி அப்பா, கரை எப்போ?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அவை முழுவதும் அதைப் பார்த்தது. செல்லப்பெருமாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முடிந்தது, இந்த மனிதர் 'இவள்தான்' என்று சொல்லப்போகிறார், கப்பல் கவிழ்ந்தது என்று நான் நினைத்தேன். அப்படி அவர் சொல்லியிருந்தாலும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது. அந்தக் கேள்வியை என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நானே போயிருப்பேன்.

அவைத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. பொறுமையாகக் காத்திருந்து கேட்டார்: "திரு. பாக்கியநாதன், இவர் உங்கள் மனைவிதானா?"

ஐயா எழுந்து நின்றார். திரையைப் பார்த்து, அதனிடமே சொல்வது போலச் சொன்னார்.

"இல்லைங்க. என் மனைவி இறந்து நாலு வருஷமாகுது."

 நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். போன ஞாயிறு சூடை மீன் வாங்கியவர் யார்?

செல்லப்பெருமாள் துள்ளி எழுந்தார். "யார் சொன்னது? உங்களுக்கு யார் சொன்னது?"

மொழிபெயர்ப்பு முடியும் வரை தலைவி காதுக்கருவியில் கை வைத்திருந்தார். பிறகு அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தூதர் அவர்களே, நீங்கள் 'பொய்' என்று சொல்லவில்லை. 'யார் சொன்னது' என்று கேட்கிறீர்கள்."

எங்கள் தீவில் பிறந்தவன் எவனும் வாய்தவறிக் கேட்டுவிடும் கேள்விதான் அது. தொலைவில் இருப்பவனுக்குச் சாவு சொல்லக் கூடாது என்பது எங்களிடம் எல்லாச் சாதிக்கும், எல்லா மதத்துக்கும் பொதுவான வழக்கம். கடலில் இருப்பவன் கை நடுங்கினால் படகு கவிழும். அதனால் அவன் கரையேறும் வரை யாரும் சொல்ல மாட்டார்கள். பகையாளிகூடச் சொல்ல மாட்டான். ராணுவக் குழு அந்த வழக்கத்தை நம்பித்தான் இறந்தவரைப் பேச வைத்தது. இவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவ்வளவு உறுதி.

"அந்த அம்மையார் உயிரோடு இருக்கிறாரென்றால், நாளையே எங்கள் மருத்துவர் ஒருவர் வந்து நேரில் பார்க்கட்டும். சம்மதமா?" என்றார் தலைவி.

செல்லப்பெருமாள் தண்ணீர் குடித்தார். வெள்ளைத்துறையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். திரையில் லூர்தம்மாள் இன்னும் தலை சாய்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார். யாரோ அதை அணைத்தார்கள். அணையும்போது ஐயா பார்க்கவில்லை, குனிந்துகொண்டார்.

கப்பல் தீர்மானம் நிறைவேறியது. எங்களை அரசாங்கமாக ஏற்பதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆனால் கப்பல் உண்டு, பார்வையாளர்கள் உண்டு. நாடுகடந்தவர்களின் சார்பில் ஒருவர் அதில் ஏறலாம். தேதி மட்டும் பிறகு. மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது நான் ஐயாவைத் தேடினேன். கடற்கரைச் சாலையில், கல்சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபமா துக்கமா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமை பேசுறது யாரு, ஐயா?"

"சகாயி செஞ்ச மறுகுரல்."

"தெரிஞ்சேவா பேசினீங்க?"

"நாலு வருஷமா."

"யார் சொன்னா?" கேட்ட பிறகுதான், செல்லப்பெருமாளின் கேள்வியையே நானும் கேட்டது உறைத்தது. அவர் லேசாகச் சிரித்தார்.

"நீ டவுன்காரி. சாவு சொல்லக் கூடாதுங்கிறது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். எங்க மீன்பிடிக் கரையில அதுக்கு மறுபாதி ஒன்னு இருக்கு. கடலுக்குப் போனவன்கிட்ட வீட்ல உள்ளவங்க பேசுறப்ப எல்லாம் கடைசியா 'கரை எப்போ'ன்னு கேக்கணும். கேக்காம வைக்கக் கூடாது. அவனும் 'காத்து திரும்பட்டும்'னு சொல்லுவான். ஆனா வீட்ல சாவு விழுந்திருந்தா மட்டும் அதைக் கேக்க மாட்டாங்க. கேட்டா அவன் அவசரப்படுவான். அவசரப்பட்டா ஆபத்து. அதனால மத்ததெல்லாம் பேசுவாங்க, அதை மட்டும் விட்டுடுவாங்க. அவனும் புரிஞ்சுக்குவான், புரிஞ்சதாக் காட்டிக்க மாட்டான். யாரும் சொல்லல, ஆனா தெரியும்."

கடலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"லூர்து அஞ்சு வருஷம் கேட்டா. ஒரு வாரம்கூட விட்டதில்ல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கேக்கல. குரல் அதேதான், சிரிப்பு அதேதான். நான் காத்துக்கிட்டே இருந்தேன். 'சரி, வெச்சிடறேன்'னு வெச்சிட்டா. அடுத்த வாரமும் கேக்கல. சகாயியும் அதுக்கப்புறம் பேச வரல. அப்பவே புரிஞ்சு போச்சு. அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சேக்கிறது என்ன கஷ்டம்? அம்மா பேசின அஞ்சு வருஷப் பேச்சு பூராவும் அவகிட்ட இருக்கு. வேணும்னுதான் எடுத்துட்டா. வாயால சொல்லக் கூடாது, ஆனா அப்பனுக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது. எம்மக சொன்ன விதம் அது."

"இன்னிக்கு அவையில கேட்டுச்சே."

"அவங்க செஞ்சது பழைய போன் பேச்சை ஒட்டுக்கேட்டு வெச்சு செஞ்சது. வெள்ளைத்துறைக்காரன் எவனோ செஞ்சிருக்கான். வாராவாரம் கேக்கிறாளேன்னு சேத்துட்டான், கரைக்காரனா இருந்தா சேத்திருக்க மாட்டான்." கல்சுவரை உள்ளங்கையால் தடவினார். "நாலு வருஷம் கழிச்சு அந்தக் கேள்வி என் காதுல விழுந்துச்சு, தமயந்தி. ஒரு நிமிஷம் ஆமான்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு. கப்பலும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம்னு இருந்துச்சு. அவளுக்கு நரைச்சா இப்படித்தான் இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "மெஷின்னு தெரிஞ்சும் வாராவாரம் உக்காந்து சாப்பிட்டியான்னு கேட்டீங்களே, ஐயா."

"மெஷின்தான். ஆனா ஒவ்வொரு வாரமும் எம்மக உக்காந்து, இன்னிக்கு என்ன மீன் வந்துச்சு, யாரு வீட்ல என்னன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. அம்மா இல்லாத வீட்ல மக சோறு போட்டா, கை மாறிப்போச்சுன்னு எழுந்திரிச்சுப் போயிடுவோமா?"

என் அறிக்கைகளில் அவர் அழுத்தி அழுத்தி அடித்த வரிகள் எனக்கு அப்போதுதான் விளங்கின. இறந்தவர் பேசியதாக உலகத்துக்குச் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவையிலும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் சகாயியைத் தேடிப் போயிருப்பார்கள்.

"இனிமே?" என்றேன்.

"இனிமே என்ன. நாடே கேட்டிருக்கும், எனக்குத் தெரியும்னு. தெரிஞ்சவன்கிட்ட அவ எதுக்கு அம்மாவை வெச்சுப் பேசணும்? கருவியை இனி எடுக்காத." எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "கப்பலை வாங்கிட்டு லூர்தைக் குடுத்துட்டேன். சரியான வியாபாரம்தானே?"

 சரியான வியாபாரம்தான். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் சன்னலருகே போய் உட்கார்ந்து, கப்பல் தீர்மானத்தின் நகலைப் படிக்க ஆரம்பித்தார். ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார். எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் நான் சொல்பேச்சுக் கேட்பவளாக இருந்தால் வெள்ளைத்துறையிலேயே கல்யாணம் கட்டி இருந்திருப்பேன். கருவியை எடுத்து மேசையில் வைத்து, வழக்கமான நேரத்தில் முடுக்கினேன்.

இரைச்சல். வெறும் இரைச்சல். கீழே பூக்கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயா நிமிர்ந்து பார்த்தார், திட்டவில்லை.

பிறகு ஒரு மூச்சு கேட்டது. யாரோ பேச வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள்.

"அப்பா."

ஐயாவின் கையிலிருந்த தாள் நழுவியது. இளம் குரல், கட்டிப்போன குரல். நான் இதற்குமுன் கேட்டதே இல்லை.

"சகாயி" என்றார். மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"கேட்டோம் அப்பா. அவையில நீங்க சொன்னதைப் படகுக்காரங்க எல்லாரும் கருவியில கேட்டோம்."

"அம்மா எங்க இருக்கா?"

அதை நான்கு வருடமாக அவர் கேட்காமல் இருந்திருக்கிறார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதவன் கேட்க முடியாத கேள்வி அது.

"கோயிலுக்குப் பின்னால, கடலைப் பாத்த மாதிரி வெச்சோம். காய்ச்சல்தான் அப்பா. ராணுவக்காரங்க ஆஸ்பத்திரியில கொண்டு விட்டாங்க, மருந்து தரல. கூட்டம் கூடும்னு சாவு மணி அடிக்க விடல. ஆறு பேருதான் போனோம். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். "நேத்து மணி அடிச்சோம். ஊரே வந்து அடிச்சுது. சிப்பாய்ங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தானுங்க, ஒன்னும் செய்யல."

"கல்லு வெச்சிருக்கா?"

"வெச்சிருக்கு. பேரு எழுதல. நீங்க வந்துதானே எழுதணும்."

ஐயா தலையை ஆட்டினார், அவள் பார்ப்பது போல. இது சகாயிதானா, இதுவும் யாரோ செய்ததா என்று ஒரு நொடி எனக்குள் ஓடியது. புவனேஸின் விதிப்படி அதற்கு அளவுகோல் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"நாலு வருஷமா உங்ககிட்டக் கேக்கல அப்பா" என்றாள். குரல் உடைந்தது. "இப்பக் கேக்கலாம்ல?"

"கேளு."

"கரை எப்போ?"

கப்பலுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. துறைமுகத்தைத் திறப்பார்களா என்பது தெரியாது. திறந்தாலும் இவரை இறங்க விடுவார்களா என்பது அதைவிடத் தெரியாது. உறுதியாகாத எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று இந்த மனிதருக்கு நூறுமுறை பாடம் எடுத்தவள் நான்.

"காத்து திரும்பிருச்சு, சகாயி" என்றார் ஐயா.

நான் ஒரு வார்த்தை திருத்தவில்லை.